பூட்டிய பீரோவும் ஒன்பது நாள் விடுமுறையும்: ஒரு கிளை நூலக நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 டிசம்பர் 24 முதல் 2025 ஜனவரி 1 வரை பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. அந்த ஒன்பது நாளில் எங்கள் கிளை நூலகத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். கொங்குப் பகுதியில் விசைத்தறியை நம்பிப் பிழைக்கும் ஊர் என்றால் போதும். அங்கே நான் மூன்றாம் நிலை நூலகர். காலையில் வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போகும் அம்மாவைத் தவிர வேறு பணியாளர் கிடையாது.

கட்டடம் சின்னது. ஒரு கூடம், புத்தக அடுக்குகள் உள்ள உள்ளறை, முன்னால் மடக்குக் கதவு போட்ட வராந்தா. கூடத்தில் மூன்று மேசைகள். வாசலை ஒட்டியது நாளிதழ்களுக்கு. மற்ற இரண்டும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு என்று யாரும் சொல்லாமலே ஆகிப்போனது. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை வார விடுமுறை.

அதற்கு முந்தைய காலாண்டு விடுமுறையில் பிள்ளைகள் திரளாக வந்தார்கள். ஓட்டமும் சத்தமுமாக இருந்தது. தேர்வுக்குப் படிப்பவர்களில் எட்டுப் பேர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். அன்றைக்கே வாசலில் ஒரு தாள் ஒட்டினேன்: "சிறுவர்கள் புத்தகம் மாற்றியவுடன் சென்றுவிடவும்." நாலைந்து நாளில் பிள்ளைகள் வருவது நின்றது. சிக்கல் தீர்ந்ததென்று நிம்மதியாக இருந்துவிட்டேன். விடுமுறை முடிந்த பிறகும் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை.

மனு கொடுத்தவர்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். முதல் கையெழுத்துப் போட்டவர் குரூப் 2 முதல்நிலைத் தேர்வு எழுதியிருந்த ஒரு பெண். டிசம்பரில் முடிவு வந்து தேறினார். பிப்ரவரியில் முதன்மைத் தேர்வு. இரண்டு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவார். வீடு ஒற்றை அறை, சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். "இந்த மூணு மணி நேரந்தானுங்க்கா என்னுது" என்று ஒருமுறை சொன்னார். அந்த மூன்று மணி நேரத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்து படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலைக்கு 25 ஆண்டு நிறைவதையொட்டி நாங்களும் சிலையின் படங்களை வராந்தாச் சுவரில் மாட்டியிருந்தோம். அதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் மறுபடி வந்தார்கள்.

அதில் ஒரு சிறுமி ஆறாம் வகுப்பு, கூட இரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி. படங்களைப் பார்த்து முடித்து வாசலுக்கு வந்தாள். ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். உள்ளே வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. தம்பியைப் படியில் உட்கார வைத்து, இரண்டு பேர் செருப்பையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மார்கழிப் பனிக்கு அந்தச் சிமெண்டுப் படி ஒன்பது மணிக்கும் சில்லென்றிருக்கும். செருப்பை எதற்கு மடியில் வைத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. யாராவது போகச் சொன்னால் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்ப.

பன்னிரண்டு மணிக்குக் கூடத்தைப் பூட்டும்போதும் அங்கேயேதான் இருந்தாள்.

"வீட்டுக்குப் போகலையா பாப்பா?"

"அம்மா ராத்திரி எட்டு மணிக்குத்தான் மிஸ் வரும்."

தாய் தகப்பன் இருவருக்கும் பகல் ஷிப்ட், காலை எட்டிலிருந்து இரவு எட்டு. பள்ளி நாளென்றால் தம்பிக்குக் காலை உணவு உண்டு, இருவருக்கும் மதியம் சத்துணவு உண்டு. விடுமுறையில் இரண்டும் இல்லை. பக்கத்தில் ஒரு தூக்குப்போசி இருந்தது. இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "இப்பவே தின்னுட்டான்னா சாயந்தரம் பசிக்குதுன்னு அழுவான் மிஸ். ரெண்டு மணிக்கு மேல குடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

நான் மடக்குக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் போனேன். அவர்கள் இரண்டு பேரும் எதிரிலிருந்த வேப்பமரத்தடிக்கு நகர்ந்தார்கள்.

டிசம்பர் 26, வியாழன்: கவனித்தது

கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்து திறந்த அன்று வாசலில் இருந்த தாளை எடுத்துவிட்டேன். வேறெதுவும் மாற்றவில்லை. ஒரு நோட்டில் கூடத்தின் படம் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எந்த நாற்காலியில் யார் என்று குறித்துக்கொண்டே வந்தேன். இத்தனை நாள் நூலகம் நிரம்பி வழிகிறது என்றே பேசி வந்தோம். எந்நேரத்தில், எந்த மேசையில் என்று நான் பார்த்ததே இல்லை.

பெரியவர்கள் ஒன்பதுக்கு மஃப்ளரோடு வருகிறார்கள், பத்துக்குள் பேப்பர் முடிந்து டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வரை அந்த மேசை ஏறக்குறைய காலி. தேர்வுக்காரர்கள் பத்தரைக்குத்தான் முழுதாகச் சேர்கிறார்கள். மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் மோதுவதாக நான் நினைத்திருந்தது தவறு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் அன்றுதான் பிடிபட்டது. கையில் புத்தகம் உள்ள பிள்ளை பேசவே இல்லை. உள்ளறையில் சிறுவர் நூல்கள் உள்ள கண்ணாடி பீரோவின் முன்னால்தான் கூச்சல். பீரோ பூட்டியிருக்கும். உள்ளே தெரியும் அட்டையைக் காட்டி "அது, அது... அதுக்குப் பக்கத்துல" என்று ஒருவன் சொல்ல, இன்னொருத்தி தலைப்பை உரக்கப் படிக்க, யார் முதலில் பார்த்தது என்று சண்டை. வேண்டிய புத்தகத்தை என்னிடம் வந்து சொன்னால் திறந்து எடுத்துத் தருவேன். ஒரு பிள்ளைக்கு ஒன்று. பிடிக்கவில்லையென்றால் மறுபடி வந்து கேட்க அவர்களுக்குத் தயக்கம். கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் என் இடுப்பு உயரத்துக்குக் கீழே முழுக்கப் பிஞ்சு விரல் அச்சுகள். அதற்கு மேலே கண்ணாடி சுத்தமாக இருந்தது.

சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. பூட்டியதற்குக் காரணம் ஒன்றுதான். இருப்புச் சரிபார்ப்பின்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சிறுவர் நூல்கள் மெல்லியவை, சட்டைக்குள் செருகினால் தெரியாது. அந்தப் பயத்தில் பூட்டினேன். எனக்கு முன்பிருந்தவரும் அதற்காகவே பூட்டியிருப்பார்.

டிசம்பர் 27, வெள்ளி: எடுத்த முடிவுகள்

வார விடுமுறை. வாசகர் வட்டத் தலைவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எண்பதை நெருங்குபவர். நோட்டை நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பீரோச் சாவி யாருகிட்ட இருக்குதுங்க அம்மிணி?"

நூலகவியல் படித்த எவருக்கும் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகள் மனப்பாடம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பது அதில் மூன்றாவது. வாசகரே அடுக்கின் முன் நின்று கையால் எடுத்துப் பார்க்க விட வேண்டும் என்பதை அவர் இந்த விதியோடு சேர்த்துத்தான் பேசுகிறார். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தலைவர் கேட்டபோது சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அன்று முடிவு செய்தவை நான்கு. பீரோவை நூலக நேரம் முழுக்கத் திறந்து வைப்பது. புத்தகம் தொலைந்தால் வாசகர் வட்டம் அதே நூலை வாங்கிக் கொடுக்கும் என்று தலைவர் ஏற்றுக்கொண்டார். இந்த உறுதி இல்லாவிட்டால் எனக்குத் துணிவு வந்திருக்காது. இரண்டாவது, நாளிதழ்களை வராந்தாவுக்கு மாற்றி வாசல் மேசையைக் காலையிலிருந்தே பிள்ளைகளுக்குக் கொடுப்பது. மூன்றாவது, பதினொன்றிலிருந்து அரை மணி நேரம் வராந்தாவில் வாய்விட்டுப் படிக்கும் நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு மனதுக்குள் படிக்க வராது, அவர்களை அடக்கி வைப்பதைவிட அதற்கென்று இடமும் நேரமும் ஒதுக்குவது மேல். நான்காவது, மதிய இடைவேளையில் கூடத்தை மட்டும் பூட்டி வராந்தாக் கதவைத் திறந்து விடுவது.

இவற்றில் இரண்டாவதும் நான்காவதும் சரிவர யோசிக்காமல் எடுத்த முடிவுகள்.

டிசம்பர் 28, 29

சனிக்கிழமை காலை இரண்டு நாள் பேப்பர் சேர்ந்திருந்தது. முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் வியாழன் இரவு காலமாகியிருந்தார். வெள்ளி நூலகம் இல்லை என்பதால் பெரியவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக வந்தார்கள். வராந்தாவில் பனிக்காற்று. தாள்கள் பறந்தன. வீசிங் உள்ள ஒருவர் பத்து நிமிடம் இருமிவிட்டு, "நாங்க வர்றது தொந்தரவுன்னா நேரா சொல்லிப் போடுங்க" என்றார். உள்ளே வாசல் மேசையில் ஒரு பிள்ளைகூட இல்லை. ஒன்பது மணிக்கு எந்தப் பிள்ளையும் வராது என்று என் நோட்டிலேயே இருந்தது. எழுதியதை நானே சரியாகப் படிக்கவில்லை. அரை மணியில் பேப்பர்களை உள்ளே கொண்டுவந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பத்து மணி வரை அந்த மேசை பெரியவர்களுக்கு, அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று மாற்றினோம்.

பீரோவைத் திறந்து வைத்ததும் முதல் ஒரு மணி நேரம் ஒரே களேபரம். எல்லாப் புத்தகத்தையும் உருவினார்கள், தரையில் பரப்பினார்கள். எழுந்து போய்ப் பூட்டிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. பதினொன்றரை வாக்கில் தானாக அடங்கியது. தரையில் குப்புறப் படுத்துப் படித்தவர்களை எழுப்பவில்லை.

மனுவில் கையெழுத்திட்ட ஒரு இளைஞர் அன்று மாலை, "நாங்க சந்தா கட்டுறோமுங்க, அவங்க சும்மா வர்றாங்க" என்றார். உட்கார்ந்து படிக்க யாரும் பணம் கட்டத் தேவையில்லை, சந்தாவும் காப்புத் தொகையும் வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் என்று சொன்னேன். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக வாங்கித்தான் இந்தக் கட்டடம் நடக்கிறது. தறிக்காரர் கொடுக்கும் வாடகைக்குள் அந்தப் பத்துப் பைசாவும் இருக்கிறது. அவர் மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொண்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து ஜன்னலோரமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்தச் சிறுமி ஞாயிறன்று முதல் ஆளாக உள்ளே வந்தாள். செருப்பை மற்றவர்கள் விட்ட இடத்தில் விட்டிருந்தாள்.

டிசம்பர் 30, திங்கள்: விபத்து

மதியம் நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். வராந்தா திறந்திருந்தது. மூன்று பையன்கள் மடக்குக் கதவை இழுத்தும் தள்ளியும் விளையாடியிருக்கிறார்கள். ஒருவனுடைய நடுவிரல் கம்பி மடிப்பில் சிக்கி நசுங்கியது. அங்கேயே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் குரூப் 2 பெண்தான் விரலைக் கழுவித் துணி சுற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்தார். நான் திரும்பி வந்தபோது படியில் இரத்தத் துளிகளும் அவருடைய திறந்த நோட்டும் கிடந்தன. எலும்புக்கு ஒன்றுமில்லை. நகம் போயிற்று.

மாலையில் பையனின் தகப்பனார் ஷிப்ட் நடுவில் பஞ்சு ஒட்டிய சட்டையோடு வந்தார். "பாத்துக்க ஆளில்லாம எதுக்குங்க தொறந்து வெக்கறீங்க? தொறக்காம இருந்தாக்கூட எங்கியாச்சும் மரத்தடியில இருந்திருப்பான்" என்றார். அவர் கேட்டது நியாயம். மரத்தடியைவிட வராந்தா பத்திரம் என்று எண்ணித்தான் திறந்தேன். திறந்து வைத்த இடத்துக்குப் பொறுப்பு என்னுடையது என்பதை யோசிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதித் தெரிவிக்கவுமில்லை.

அன்றிரவே விதியை மாற்றினோம். மதியம் பெரியவர் ஒருவர் இருந்து நோட்டில் கையெழுத்துப் போட்டால் மட்டும் வராந்தா திறந்திருக்கும். இல்லையென்றால் பூட்டு. மடக்குக் கதவை முழுதும் திறந்து கொக்கியில் மாட்டிச் சங்கிலி போட்டாயிற்று, பாதியில் நகராது. மறுநாள் முதல் கையெழுத்து மனுவின் முதல் கையெழுத்துக்காரருடையதே. நான் கேட்கவில்லை. "நான் எப்படியும் இங்கதானுங்க்கா சாப்பிடறேன்" என்றார்.

டிசம்பர் 31, செவ்வாய்

முந்தின நாள் மாலை கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டிருந்தது. காலைப் பேப்பரில் பெரிய படம். அன்று பிள்ளைகள் சிலர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். அந்தச் சிறுமியின் தம்பி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரின் முழங்கைக்குக் கீழே தலையை விட்டுப் படத்தைப் பார்த்தான். இருமியவர்தான் அவர். நான் எழுவதற்குள் பேப்பரைத் தாழ்த்திப் பிடித்தார்.

"சிலை எத்தனை அடி தெரியுமாடா?"

"133!" வராந்தாப் படத்தின் கீழே எழுதியிருந்ததைச் சொன்னான்.

"அதுல பீடம் மட்டும் எத்தனை?"

தெரியவில்லை. 38 அடி என்றார். அறத்துப்பாலில் 38 அதிகாரம். மேலே நிற்கிற சிலை 95 அடி. பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டிப் பார் என்றார். பையன் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, விரல் பற்றாமல் அக்காவைக் கூப்பிட்டான். அவள் கணக்குப் போட்டு 95 என்று கத்தியே விட்டாள். கத்திய பிறகு சட்டென்று உள்மேசைப் பக்கம் பார்த்தாள். சந்தாவைப் பற்றிப் பேசிய இளைஞர் நிமிர்ந்து, "பீடம் எத்தனைன்னு சொன்னீங்க ஐயா?" என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பின்னர் நடந்தது

ஜனவரி 2 பள்ளி திறந்தது. வார நாட்களில் பிள்ளைகள் குறைந்தார்கள், சனி ஞாயிறு வருகிறார்கள். வாசகர் வட்டத்திலுள்ள ஒரு ஜவுளி வியாபாரி பதினொரு பிள்ளைகளுக்குக் காப்புத் தொகையும் சந்தாவும் கட்டினார். பெற்றோர் கையெழுத்து வாங்கத்தான் நாள் பிடித்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் படிவத்தோடு தறிக்குடோன் வாசலில் நின்று வாங்கினேன். உள்ளே தறி ஓட, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்பதைச் சைகையில்தான் காட்ட முடிந்தது.

இரண்டு புத்தகங்கள் காணாமல் போயின. பொங்கல் கழிந்து ஒன்று திரும்ப வந்தது, நனைந்து உலர்ந்து, முதுகில் வெள்ளை நூலால் தைத்திருந்தது. தறி நூல்தான். யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. இன்னொன்று வரவே இல்லை. வாசகர் வட்டம் வேறு பிரதி வாங்கிக் கொடுத்தது. பூட்டி வைத்திருந்த காலத்தில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகளால் நிம்மதி போனது என்று நூலகத்துக்கு வருவதை விட்ட தேர்வு வாசகர்கள் இரண்டு பேர். அது எனக்கு வருத்தம்தான்.

பொங்கலுக்குப் பிறகு அந்தச் சிறுமியின் குடும்பம் வேறு ஊர்த் தறிக்குப் போனது. கிளம்பும் முன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், "மிஸ், இங்க டிசி மாதிரி ஏதாச்சும் குடுப்பீங்களா? அங்க நூலகத்துல காட்டறதுக்கு" என்று கேட்டாள். அப்படி ஒரு படிவம் எங்களிடம் கிடையாது. வழங்கல் பதிவேட்டைப் பார்த்து அவள் எடுத்துப் படித்த புத்தகங்களின் பெயர்களை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, நூலக முத்திரை வைத்துக் கொடுத்தேன். தம்பி பெயரையும் அதில் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன்.

இனி மாற்றுவது

இடத்தைப் பற்றிப் புகார் வந்தால் அறிவிப்பு ஒட்டுவதற்கு முன் மூன்று நாளாவது நாற்காலிக் கணக்கு எடுப்பேன். எடுத்ததை இன்னொருவரிடம் காட்டுவேன். என் கண்ணுக்குத் தப்பியது தலைவர் கண்ணில் ஒரு நிமிடத்தில் பட்டது.

எந்த ஏற்பாட்டையும் பாதிக்கப்படக் கூடியவரிடம் முதலில் கேட்பேன். பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மார்கழிக் காலையில் அவர்களை வெளியே உட்கார வைத்திருக்க மாட்டேன். தேர்வுக்காரர்களிடம் கேட்டிருந்தால் அந்த இரண்டு பேருக்கு மாலையில் உள்ளறை மூலையை ஒதுக்கியிருக்கலாம். இப்போது ஒதுக்கியிருக்கிறோம், அவர்கள் வரவில்லை.

மதிய நேரத்தைப் பொறுத்தவரை இன்னும் தெளிவான வழி கிடைக்கவில்லை. கையெழுத்து நோட்டு நடக்கிறது, ஆனால் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தேர்வு முடிந்தால் யார் என்பது தெரியாது. பகல் முழுக்கத் திறந்து வைக்க இன்னொரு பணியாளர் வேண்டும். அது என் கையில் இல்லை. இம்முறை முன்கூட்டியே மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதியிருக்கிறேன். நடந்த விபத்தையும் நோட்டின் நகலையும் இணைத்து, கோடை விடுமுறைக்கு மட்டுமாவது பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை ஒருவரை அனுப்பக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் ஏப்ரல் கடைசியில் அடைக்கும்.